தீவிர சிகிச்சை: படுக்கைகளும் பணியாளரும்

மருத்துவமனையின் வளர்ச்சியை அளவிட முற்படுவோர் அங்குள்ள படுக்கைகளையும் கருவிகளையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். பொது வார்டுகளைப் பொறுத்தவரை இக்கணக்கு ஓரளவு பொருந்தும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது போதாது. மூச்சுவிட இயலாமலோ, இரத்த அழுத்தம் தாழ்ந்தோ, சிறுநீரகம் செயலிழந்தோ அங்குக் கொண்டுவரப்படும் நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறக் கூடியது. உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் வரையில் அதன் உறுப்புகளின் வேலையை வெளியிலிருந்து செய்து கொடுப்பதும், அந்த இடைக்காலத்தில் நேரும் ஒவ்வொரு மாறுதலையும் உடனுக்குடன் கண்டறிவதுமே தீவிர சிகிச்சை எனப்படும். முன்னதற்குக் கருவிகள் துணை புரிகின்றன. பின்னதைச் செய்ய வேண்டியவர் படுக்கையருகில் நிற்கும் பயிற்சி பெற்ற மனிதரே.

2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் சுகாதார உட்கட்டமைப்பு இயக்கம் 64,180 கோடி ரூபாய் மதிப்பீட்டைக் கொண்டது. 5 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள 602 மாவட்டங்களில் தீவிர சிகிச்சைத் தொகுதிகளை அமைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. நெடுங்காலம் பெருநகரங்களுக்கே உரியதாயிருந்த ஒரு மருத்துவத் துறை மாவட்டத் தலைநகரங்களை நோக்கிச் செல்வது வரவேற்கத்தக்கதே. ஆயின் கட்டடமும் கருவியும் ஓரிரு ஆண்டுகளில் வந்து சேரும். அவற்றைப் பயன்படுத்தி உயிர் காக்கும் மருத்துவரும் செவிலியரும் அவ்வளவு விரைவில் உருவாகிவிட மாட்டார்கள். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, செயற்கைச் சுவாசக் கருவிகள் வந்திறங்கியும் இயக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவை பயன்படாமற் கிடந்த மருத்துவமனைகள் பல மாநிலங்களில் இருந்தன. ஆகவே, இத்துறையில் பணிபுரியும் வல்லுநர்கள் யார், அவர்கள் செய்வது என்ன, அவர்களுடைய ஆய்வு நமக்கு எதைக் கற்பித்துள்ளது என்பனவற்றைத் திட்டமிடுவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

கோபன்ஹேகன் தந்த படிப்பினை

1952ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கியது. அந்நகரின் பிளெக்டம் தொற்றுநோய் மருத்துவமனையில் அப்போது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின்மீது பொருத்தப்படும் சிறு கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் இவற்றைக் கொண்டு சிகிச்சை அளிக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தனர். தலைமை மருத்துவர் லாசன், மயக்கவியல் வல்லுநரான பியோர்ன் இப்சனின் ஆலோசனையை நாடினார். இறந்தோரின் குருதியில் கரியமில வாயு மிகுந்திருந்ததற்கு மருத்துவர்கள் வேறு விளக்கம் கூறிவந்தனர். மூச்சு போதாமையே அதற்குக் காரணம் என்று இப்சன் எடுத்துரைத்தார். ஆகஸ்டு 27ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதனுடன் இணைத்த இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்கு மூச்சளித்துக் காட்டினார். அவள் பிழைத்தாள்.

அதன் பின்னர் நடந்தது மருத்துவ வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து பைகளை அமுக்கினர். ஒரே வேளையில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு மூச்சுப் பெற்றனர். செவிலியர் அவர்களைப் புரட்டிக் கிடத்தி, சளியை உறிஞ்சி, உணவளித்துப் பேணினர். நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு வீதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் நிறுவிய பிரிவே, பல்வகை நோயாளிகளையும் ஏற்ற முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் கருதுகின்றனர். இன்று அப்பைகளின் இடத்தை மின்கருவிகள் பிடித்துக்கொண்டன. ஒரு நோயாளிக்கு ஓர் ஆள் என்று அன்று அமைந்த விகிதம் மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் இதய நோயாளிகளுக்கான தீவிர கவனிப்புப் பிரிவுகள் 1960களின் இறுதியில் பம்பாயில் தொடங்கின. ஆனால் இத்துறையின் முழுப் பொருளையும் நம் மருத்துவருக்கு உணர்த்தியது இதய நோயைக் காட்டிலும் ரண ஜன்னியே எனலாம். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் ஃபரூக் உத்வாடியாவும் அவர்தம் துணைவரும் இந்நோய்க்குத் தீவிர சிகிச்சை அளித்து, 150 நோயாளிகளைப் பற்றிய தம் அனுபவத்தை 1987இல் வெளியிட்டனர். தசை இறுக்கத்தால் மூச்சுத் திணறி இறப்பதே இந்நோயில் வழக்கமாயிருந்தது. தசைகளைத் தளர்த்திச் செயற்கை மூச்சளித்தபோது அவ்வகை இறப்புகள் குறைந்தன. அதுகாறும் மறைந்திருந்த வேறோர் ஆபத்து அப்போது தெளிவாகத் தெரியலாயிற்று: தன்னியக்க நரம்புகள் நிலைகுலைந்து, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் காரணமின்றி ஏறுவதும் இறங்குவதுமாயின. நோயாளி நெடுநாள் உயிருடன் இருந்தாலன்றி இதனைக் காண இயலாது. அருகிலிருந்து அடிக்கடி அளந்தாலன்றிக் கண்டறியவும் இயலாது. சிகிச்சையும் ஆய்வும் இத்துறையில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதுவே தக்க சான்று. தடுப்பூசியின் பயனாக இந்தியா 2015இல் தாய்மார், பச்சிளங் குழந்தைகள் ஆகியோரிடையே ரண ஜன்னியை ஒழித்த நாடாக ஏற்கப்பட்டது. அந்நோய் கற்பித்த பாடம் மற்ற நோய்களுக்குப் பயன்பட்டு வருகிறது.

1993இல் இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் பம்பாயில் தோன்றியது. மயக்கவியலாரும் பொது மருத்துவரும் நுரையீரல் வல்லுநரும் தத்தம் துறையிலிருந்து வந்து இதில் ஒன்று சேர்ந்தனர். தனிப் பட்ட மேற்படிப்புகள் அதன் பின்னரே படிப்படியாக உருவாயின.

ஒரு மணி நேரப் பணி

செயற்கைச் சுவாசத்தில் உள்ள ஒரு நோயாளியிடம் செவிலியர் ஒரு மணி நேரத்தில் செய்வனவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். நாடி, இரத்த அழுத்தம், குருதியிலுள்ள பிராணவாயு, உடல் வெப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். சிறுநீரை அளக்கிறார். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டருக்குக் குறைந்து, அடுத்தடுத்த மணிகளிலும் அவ்வாறே தொடருமானால், இரத்த அழுத்தம் சரிவதற்கு முன்னரே உடலுக்குள் குருதியோட்டம் குன்றி வருகிறது என்பது அதன் பொருளாகலாம். மூச்சுக்குழாய் பற்களருகே எந்த அளவுக் குறியில் நிற்கிறது என்று பார்க்கிறார். இரண்டு சென்டிமீட்டர் உள்ளே நழுவினாலும் ஒரு நுரையீரல் காற்றின்றிப் போகலாம். சளி சேர்ந்திருப்பின் உறிஞ்சி எடுக்கிறார். தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்கிறதா என்று கவனிக்கிறார். தட்டையாகக் கிடக்கும் நோயாளியின் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிச் சீதசன்னியை உண்டாக்கும். வாயைத் துடைத்து, இமை மூடாத கண்களைக் காத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துகிறார். சொட்டு மருந்துகளின் வேகத்தை மாற்றுகிறார். கருவி ஒலி எழுப்பினால், பார்வையை முதலில் நோயாளியின்மீது செலுத்தி, அதன் பின்னரே கருவியை நோக்குகிறார். இவ்வளவுக்கும் இடையே, பேச இயலாத அந்நோயாளியின் கையைப் பற்றி, இன்று என்ன கிழமை என்று சொல்கிறார். இக்கடைசிச் செயல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் மனக்குழப்பத்தைத் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு.

இப்பணியை ஒருவர் மூவருக்கோ நால்வருக்கோ ஒருசேரச் செய்ய இயலாது. செயற்கைச் சுவாசத்திலுள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், ஏனையோரில் இருவருக்கு ஒருவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விகிதம். இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவொன்றில் ஐவர் செயற்கைச் சுவாசத்தில் உள்ளனர் எனக் கொள்வோம். எந்நேரமும் அங்குச் சராசரியாக ஏழரைச் செவிலியர் நிற்க வேண்டும். வாரத்திற்கு 168 மணி. ஆகவே 1,260 பணிமணிகள். ஒருவர் வாரத்திற்கு 48 மணி பணிபுரிந்தால் 26 பேருக்கு மேல் தேவை. விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்கு நூற்றுக்கு 30 சேர்த்தால் 34 பேர் வேண்டும். பத்துப் படுக்கைகளுக்கு ஒரு முறைக்கு மூவர் என்று ஒப்புதல் வழங்கும் கோப்புகள் இக்கணக்கை எதிர்கொள்வதில்லை. அங்குப் படுக்கையின் பெயர் மட்டுமே தீவிர சிகிச்சைப் படுக்கையாகிறது.

செவிலியரின் எண்ணிக்கைக்கும் உயிரிழப்புக்கும் உள்ள தொடர்பை அயல்நாட்டார் அளந்து பார்த்துள்ளனர். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடியிருந்தது என்று அது கண்டது. பொது வார்டுகளைப் பற்றிய அந்த எண்ணை நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அப்படியே எடுத்தாளுதல் ஆகாது. ஆயினும் அது சுட்டும் திசையில் ஐயமில்லை.

எண்ணிக்கையுடன் அதிகாரமும் சேர வேண்டும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆய்வு விளக்கிற்று. பெரிய இரத்தக் குழாய்களில் செலுத்தப்படும் குழல்களின் வழியே பரவும் கிருமித் தொற்றைத் தடுக்க, பீட்டர் புரோனோவோஸ்ட்டும் அவர் குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் எளிய ஐந்து நடைமுறைகளைக் கொண்டுவந்தனர்: கை கழுவுதல், குழல் செலுத்தும்போது உடலை முழுதும் தூய துணியால் மூடுதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் தூய்மை செய்தல், இயன்றவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழலை அகற்றுதல். இவற்றில் புதுமை எதுவுமில்லை. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில், பணியை நிறுத்தச் சொல்லும் உரிமை செவிலியருக்கு அளிக்கப்பட்டது என்பதே புதுமை. 1,000 குழல் நாட்களுக்கு 2.7 என்றிருந்த நடுமதிப்புத் தொற்று வீதம் மூன்று மாதங்களில் சுழியாக இறங்கியது என 2006இல் வெளியான அறிக்கை கூறுகிறது. நம் மருத்துவமனைகளின் படிநிலை மரபில், இளம் செவிலியர் ஒருவர் மூத்த மருத்துவரை நோக்கி "நிறுத்துங்கள் ஐயா" என்று சொல்வது எளிதன்று. துறைத் தலைவர்கள் எழுத்து மூலம் ஆணையிட்டு, அவ்வாறு சொன்னவரைக் காத்து நின்றாலன்றி இது நடவாது.

வயலோரத்து நஞ்சு

நமக்கே உரிய ஆய்வு ஏன் வேண்டும் என்பதற்குப் பூச்சிக்கொல்லி நஞ்சைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் கிராமப்புறத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வரும் இளைஞரில் கணிசமானோர், மனமுடைந்து ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தை அருந்தியவர்கள். வியர்வையும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சுருங்கி, நுரையீரல் நீர்கோத்து அவர்கள் வருகின்றனர். அட்ரோபின் கொடுத்தவுடன் இக்குறிகள் தணிகின்றன. நோயாளி கண் விழித்துப் பேசுகிறார். ஆபத்து நீங்கியது என்று எல்லாரும் எண்ணியிருக்கையில், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவருள் சிலர் திடீரென மூச்சு நின்று இறந்தனர். இதற்கு விளக்கம் கண்டவர்கள் இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த சேனநாயக்கவும் கரல்லியத்தவும் ஆவர். பத்து நோயாளிகளை நுணுகிக் கவனித்து, நஞ்சருந்திய 24 முதல் 96 மணி நேரத்திற்குள் கழுத்து, தோள், இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்வதை 'இடைநிலைக் கூட்டறிகுறி' என்று 1987இல் உலகுக்கு அறிவித்தனர். அதுவரை, மேலை நாட்டு நூல்களில் உடனடி விளைவும், வாரங்கள் கடந்து தோன்றும் நரம்புத் தளர்ச்சியும் மட்டுமே பேசப்பட்டன.

இக்கண்டுபிடிப்பின் பயன் உடனடியானது. இதனை முன்கூட்டி அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் தவித்தால், மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். செவிலியர் முறைதோறும் இதனைச் சோதித்துக் குறிப்பாராயின், மூச்சு நிற்குமுன் குழாய் பொருத்த நேரம் கிடைக்கிறது. ஓரிரு வாரம் மூச்சளித்துக் காத்தால் பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர்.

மாற்று மருந்தான பிராலிடாக்சிம் பற்றிய செய்தி இவ்வளவு தெளிவானதன்று. மகாராட்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளிவந்த சோதனையில், அம்மருந்தை மிகுந்த அளவில் இடைவிடாது செலுத்தப் பெற்றோரில் நூற்றுக்கு ஒருவரும், விட்டுவிட்டுப் பெற்றோரில் நூற்றுக்கு எண்மரும் இறந்தனர். 2009இல் வெளியான இலங்கைச் சோதனையிலோ, 235 பேரில் அம்மருந்து பெற்றோருக்கு நன்மை ஏதும் காணப்படவில்லை. இறப்பு அவர்களிடையே சற்று மிகுந்தே இருந்தது. அருந்திய நஞ்சின் வகை, மருத்துவமனையை அடைந்த நேரம், அங்குக் கிடைத்த தீவிர சிகிச்சையின் தரம் ஆகியவை வேறுபட்டமை இம்முரண்பாட்டுக்குக் காரணமாயிருக்கலாம். ஒன்று மட்டும் உறுதி. இந்த வினாவுக்கு விடை இலண்டனிலோ பாஸ்டனிலோ கிடைக்கப் போவதில்லை. நோயாளிகள் இருப்பது இங்கே.

பதிவேடுகள்

இதே குறை நம் அளவுகோல்களிலும் உண்டு. நோயின் கடுமையை மதிப்பிட உலகெங்கும் வழங்கும் 'அப்பாச்சி-2' என்னும் அளவை, 1985இல் அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 5,815 நோயாளிகளைக் கொண்டு ஆராயப்பட்டது. மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், பாம்புக்கடி ஆகியவை நிறைந்த நம் பிரிவுகளில் அது கூறும் இறப்பு வாய்ப்பு பல வேளைகளில் பொருந்துவதில்லை. கட்டுவிரியன் கடித்து மூச்சிழந்து வருபவரின் எண்கள் அச்சமூட்டும்; ஆனால் உரிய நேரத்தில் மூச்சளிக்கப்பட்டால் அவர் சில நாட்களில் நடந்து வீடு திரும்பக் கூடியவர்.

2010, 2011 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கும் 120 பிரிவுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றித் தகவல் திரட்டிய ஆய்வு, இந்தியத் தீவிர சிகிச்சையின் முதல் விரிவான படத்தைத் தந்தது. 2019இல் இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு தொடங்கப்பெற்றது. சென்னை வல்லுநர் முன்னின்ற இம்முயற்சிக்கு இலங்கையில் உருவான பதிவேட்டு வலையமைப்பு துணை நின்றது. இத்தகைய பதிவேடுகளில் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளின் பங்கே மிகுதி என்பதை மறத்தலாகாது. மாவட்ட மருத்துவமனைகள் இவற்றில் சேராதவரை, நாட்டின் பெரும்பகுதி நோயாளிகள் கணக்கில் வாராதவரே.

மாவட்டத்தில் இயலுமா

இயலும் என்பதற்குச் சான்று புருலியா. மேற்கு வங்காளத்தின் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றான அதன் அரசு மருத்துவமனையில், 2003இல் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. போதிய செவிலியர் கிடைக்காத நிலையில், உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, சில மாதப் பயிற்சி அளித்து, குழந்தைப் பராமரிப்புத் துணையாளராக அமர்த்தினர். குழந்தையின் வெப்பம் காத்தல், பாலூட்டல், தூய்மை பேணல், ஆபத்துக் குறிகளை உணர்ந்து செவிலியரை அழைத்தல் ஆகியன அவர்கள் கடமை. மருத்துவமனையில் நேர்ந்த சிசு மரணங்கள் குறைந்தன. இம்மாதிரியைத் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் பின்னர் ஏற்று நாடெங்கும் பரப்பியது. இப்பிரிவுகள் பொதுவாகச் செயற்கைச் சுவாசம் வரை செல்வதில்லை. ஆகவே புருலியாவின் அனுபவத்தைப் பெரியவர்களுக்கான பிரிவுக்கு அளவறிந்தே பயன்படுத்த வேண்டும். துணையாளர் செவிலியரின் சுமையைக் குறைக்கலாம். அவரது இடத்தை நிரப்ப முடியாது.

செவிலியருக்கான கல்வி வழிகள் இப்போது இல்லாமலில்லை. இந்தியச் செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயத்தையும், 2016-17இல் ஈராண்டு உறைவிட முதுநிலைப் படிப்பையும் வகுத்தது. பின்னதில் மாணவர் பெரும்பகுதி நேரத்தை நோயாளியருகிலேயே கழிக்கின்றனர். சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. படித்து வந்தவருக்கு அரசு மருத்துவமனைகளில் அப்பெயரில் பணியிடம் பெரும்பாலும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு பழகிக் கைதேர்ந்த செவிலியர், சுழற்சி முறை என்ற பெயரால் வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அவரிடத்துக்கு வருபவர் முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறார். நிர்வாகத்துக்கு இது சமநீதியாகத் தோன்றலாம். அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. தனியார் துறையிலோ ஊதியமே சிக்கல். உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று 2016இல் பரிந்துரைத்தது. அதனைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. செயலாக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. பயிற்சி முடித்தோர் வளைகுடா நாடுகளையும் ஐரோப்பாவையும் நாடிச் செல்வதில் வியப்பில்லை.

புதிய தொகுதிகளுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலர்கள் மேற்கண்ட 34 என்ற எண்ணைப் படுக்கைப் பட்டியலின் அருகிலேயே வைத்துப் பார்த்தல் வேண்டும். அந்த அளவுக்குப் பணியாளர் கிடைக்காத மாவட்டத்தில், பத்துப் படுக்கைகளைத் திறப்பதினும் நான்கைத் திறந்து முறையாக நடத்துவது மேல். எஞ்சிய ஆறையும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் ஆறு மாதம் பழகித் திரும்பும் செவிலியர் வந்த பின் படிப்படியாகத் திறக்கலாம். அவர்களைக் குறைந்தது மூன்றாண்டுகள் அதே பிரிவில் நிறுத்தி, தனிப்படி வழங்க வேண்டும். பதிவேட்டில் நோயாளியின் குருதியழுத்தத்தைக் குறிக்கும் அதே பக்கத்தில், அந்த முறையில் பணியிலிருந்த செவிலியர் எத்தனை பேர் என்பதையும் குறித்துவரச் செய்யலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.